தையல் கடைக்கு மேலே ஒரு அறை: மலையகத்தில் பால்புதுமையினருக்கு ஒரு பாதுகாப்பான இடம் உண்டாக்குவது எப்படி

முதல் நாள் வந்தவர் அறைக்குள் வரவில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை. படியேறி வந்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கழற்றிய செருப்பை மடியில் வைத்திருந்தார். தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "ஏன் செருப்பைக் கையிலயே வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "வாசல்ல விட்டா எங்க தோட்டத்து ஆளுங்க யாராவது பார்ப்பாங்க. இது இன்னார் செருப்புன்னு கண்டுபிடிச்சிருவாங்க" என்றார்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்குப் போன் வந்தது, எல்லாம் விடிவதற்குள் தண்ணி பிடிக்கும் பீலிக்கரைக்கு வந்துவிடும். சாவு வீட்டில் நம்மைத் தாங்குவது அந்த நெருக்கம்தான். ஆண் மேல் ஈர்ப்புள்ள ஆணுக்கும், பெண் மேல் ஈர்ப்புள்ள பெண்ணுக்கும், திருநங்கைக்கும் திருநம்பிக்கும், அதாவது பால்புதுமையினருக்கு, தனியாக அழ ஒரு மூலை தராததும் அதே நெருக்கம்தான்.

நானும் அவர்களில் ஒருத்தி. டியூசன் வகுப்பு எடுத்துக்கொண்டே சில வருடங்களாக இந்த அறையை நடத்துகிறேன். தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ மஸ்கெலியாவிலோ இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் செய்ததையும் செய்து கெட்டதையும் எழுதுகிறேன். ஆட்களின் ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

1. இரண்டு பேரிலிருந்து தொடங்குங்கள்

அறிவிப்பு வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், வானவில் கொடி வேண்டாம். கொழும்பில் 2005 முதல் பால்புதுமையினரின் ப்ரைட் (பெருமித) நிகழ்வுகள் நடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 2022 இல் ஊர்வலமே போனார்கள். அதைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் நம் ஊரில் கொடி கட்டினால் கொடியை எல்லாரும் பார்ப்பார்கள், அறைக்குத்தான் யாரும் வரமாட்டார்கள்.

"இன்னார் அப்படி இருப்பாரோ" என்று ஊகித்து யாரையும் கூப்பிடக்கூடாது. உங்கள் ஊகம் சரியாக இருந்தால் அவர் நடுங்கிப் போவார், தப்பாக இருந்தால் ஊரே பேசும். அவர்களாக உங்களிடம் வரும்படி நடந்துகொள்வதே வழி. தேத்தண்ணிக் கடையில் யாராவது "ஒம்போது" என்று கேலி செய்யும்போது, சண்டைக்குப் போகாமல், "அந்தப் பேச்சு வேணாம் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அதை மனதில் குறித்துக்கொள்வார். என்னிடம் முதலில் வந்த பழைய மாணவர், நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லி எட்டு மாதம் கழித்து வந்தார்.

இரண்டு பேர் சேர்ந்ததும், இடத்தைத் தேடுவதற்கு முன்பு அவர்களிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்த நாள் வர முடியும்? எந்த பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும்? வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவீர்கள்? யார் கண்ணில் படக்கூடாது? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதில்களை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

2. சட்டத்தைப் பயமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள்

வருபவர்களில் பாதிப்பேர் "நாம இருக்கிறதே குத்தம்" என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இல்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்ற இரண்டு பிரிவுகள், "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உறவு, "பாரதூரமான அநாகரிகச் செயல்" என்று பெயர் வைத்து, செயல்களைக் குற்றமாக்குகின்றன. பிந்தியது முன்பு ஆண்களை மட்டும் குறித்தது. 1995 இல் திருத்தியபோது "ஆண்" என்று இருந்ததை "ஆள்" என்று மாற்றி, பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். ஆனால் ஒருவர் பால்புதுமையினராக இருப்பதையோ, நான்கு பேர் ஒரு அறையில் கூடிப் பேசுவதையோ, தேத்தண்ணி குடிப்பதையோ இந்தப் பிரிவுகள் குற்றமாக்கவில்லை. இதை முதல் நாளே, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இந்தப் பிரிவுகளை நீக்க அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றும் ஆனது. இருந்தும் அது நிறைவேறாமலே 2024 இல் நாடாளுமன்றம் கலைந்தது. ஆகவே பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன, மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அது போதும். 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டி, இரவில் ரோட்டில் நிற்கும் திருநங்கைகளைப் பிடிப்பதும் உண்டு.

அதனால் அறைக்கு வரும் எல்லாருக்கும் ஒரு விஷயத்தைப் பழக்குங்கள். பொலிஸ் நிறுத்தினால் அடையாள அட்டையைக் காட்டலாம், பெயரும் ஊரும் சொல்லலாம். போனைத் திறந்து காட்டச் சொன்னால் உடனே நீட்டிவிட வேண்டாம், "வக்கீலிடம் பேசிவிட்டுத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். இதை நாங்கள் நாடகம் மாதிரி ஒருவர் பொலிஸாக நின்று ஒத்திகை பார்க்கிறோம். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான் வெளியே வரும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைக்கும். இரண்டையும் அறையில் சுவரில் ஒட்டாமல் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டில் எழுதிக் கொடுங்கள்.

திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் இன்னொரு செய்தி. 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வாங்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல வைத்தியரைச் சந்திப்பதில் அது தொடங்கும். அதை வைத்து பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அப்புறம் அடையாள அட்டையை மாற்றலாம். நம் ஆட்களின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி என்று எழுத்துப் பிழைகள் நிறைய. அதை முதலில் சரி செய்யாமல் இந்த வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

3. இடத்தைத் தேர்வது

தோட்டத்துக்குள் வேண்டாம். கோயில் மண்டபம், வாசிகசாலை, பழைய பிள்ளை மடுவம் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), எதுவும் வேண்டாம். அங்கே போகும் ஒவ்வொரு காலடியையும் யாராவது எண்ணுவார்கள். டவுன்தான் சரி, அதிலும் எல்லாரும் ஏதோ ஒரு வேலையாகப் போய்வரும் தெரு. போட்டோ கொப்பிக் கடை, பாமசி, தையல் கடை இருக்கும் கட்டடமாக இருந்தால் படியேறுபவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், ஆனால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னலாக இருக்கக்கூடாது.

கழிவறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கழிவறைக்குள் போவது என்று தெரியாமல் காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் வரும் திருநங்கையர் இருக்கிறார்கள். வந்ததும் அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும். அப்புறம், செருப்பு வைக்கும் தட்டு. எங்கள் அறையில் அது முதல் நாளிலிருந்தே கதவுக்கு உள்பக்கம்தான் இருக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரரிடம் பொய் சொல்லாதீர்கள். எங்கள் தையல் கடை அக்காவிடம், "ஊர்ல ஒதுக்கி வச்ச பிள்ளைங்க சிலபேர் வருவாங்க, இருந்து பேசிட்டு, தச்சுட்டுப் போவாங்க" என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே இருந்தார். "என் தம்பி மாதிரியா?" என்று கேட்டார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. வாடகையை மட்டும் ஒரு ஆயிரம் குறைத்துக்கொண்டார்.

4. வீட்டில் சொல்லிவிட்டு வர ஒரு காரணம்

"எங்க போற?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவர் இரண்டாவது முறை வரமாட்டார். அதனால் அறையில் உண்மையாகவே ஏதாவது நடக்க வேண்டும். எங்களிடம் தையல் பழக்குகிறோம், பேச்சுச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறோம், பிரதேச செயலகப் படிவங்களை நிரப்பிக்கொடுக்கிறோம். ஒப்புக்குச் செய்யாதீர்கள். மாலையில் வீட்டுக்குப் போகும்போது கையில் தைத்த ஒரு தலையணை உறையாவது இருந்தால், அம்மா நம்புவார், அயலாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குச் சரிவந்தது. மற்ற நாளில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போய்விடும், ஒரு நாள் சம்பளத்தை இழந்து யாரும் வர முடியாது. ஞாயிறு டவுன் நிறைய ஆட்கள் இருப்பார்கள், கூட்டத்தில் கலந்து வரலாம். பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடித்துவிடுவோம். பஸ் இறங்கி தேயிலைக்குள் இரண்டு மூன்று மைல் நடக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், மூடுபனி இறங்குவதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் கடைகள் மூடியிருக்கும், வெறும் தெருவில் நடப்பவர் தனியாகத் தெரிவார். சிவனொளிபாத மலை யாத்திரை சீசனில், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும், ஹட்டனில் பஸ்ஸும் பொலிஸும் கூட்டமும் அதிகம். சிலருக்கு அந்தக் கூட்டமே மறைவாகிறது, சிலர் அந்த மாதங்களில் வரவே மாட்டார்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

பஸ் காசைக் கொடுங்கள். அதை எல்லார் முன்னாலும் எண்ணிக் கொடுக்காமல், தேத்தண்ணி மேசையில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வேண்டியவர் எடுப்பார், இருப்பவர் போடுவார். சாப்பாடு கட்டாயம். நாங்கள் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்கிறோம். மாவு பிசையும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மூன்று ஞாயிறு ஒரு வார்த்தை பேசாதவர் நான்காவது ஞாயிறு ரொட்டியைத் தட்டிக்கொண்டே தன் கதையைச் சொல்லி முடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

5. அறையின் ஒழுங்குகள்

எழுதி ஒட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள். எங்களுடையவை சில மட்டும்தான். தான் விரும்பிய பெயரில் வரலாம், சொந்தப் பெயரையும் தோட்டத்தையும் யாரும் கேட்கக்கூடாது. இங்கே பார்த்தவரை வெளியே கண்டால், அவர் முதலில் பேசாவிட்டால் நாமும் பேசக்கூடாது. சாதி, மதம், சங்கம், கட்சி பற்றிய குத்தல் பேச்சு கூடாது. குடித்துவிட்டு வரக்கூடாது. யாரையும் கேட்காமல் தொடக்கூடாது, காதல் வலை விரிப்பதற்கான இடமாகவும் இதை ஆக்கக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரக்கூடாது. அவர்களுக்கு நம்பிக்கையான ஆசிரியரோ ஆலோசகரோ தனியாகத் தேவை. சிறுவர் உதவி இலக்கம் 1929.

படம் எடுக்கக்கூடாது. இந்த ஒன்றை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு தீபாவளி ஞாயிறு எல்லாரும் புதுச்சேலை கட்டி, பூ வைத்து, அவ்வளவு அழகாக இருந்தார்கள். "ஒரு படம் எடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார், நான் சரி என்றேன். அன்று இரவே அது யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியது, பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு அண்ணன் பார்த்துவிட்டான். படத்தில் ஓரத்தில் நின்ற பிள்ளையின் தலைமுடியை அன்று இரவே வெட்டிவிட்டார்கள். அவர் திரும்பி வர ஆறு மாதம் ஆனது. சரி என்று சொன்னது நான். இப்போது போன்கள் எல்லாம் வந்ததும் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். அவசர அழைப்பு வந்தால் படிக்கட்டில் நின்று பேசலாம்.

வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். ஒருவர் போன் அடுத்தவர் கையில் சிக்கினால் எல்லார் இலக்கமும் போய்விடும். தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள், அதுவும் "ஞாயிறு தையல் உண்டு" என்ற அளவில். வருகைப் பதிவேடு வைக்காதீர்கள்.

6. என்ன சொல்லிப் பேசுவது

பால்புதுமையினர், தன்பாலீர்ப்பு, திருநர் என்ற சொற்கள் நமக்கு நல்ல கொடை. ஆனால் முதல் நாளே அவற்றை வகுப்பு மாதிரி நடத்தாதீர்கள். எங்களிடம் வருபவர்கள் "நான் அந்த மாதிரி", "எனக்குப் பொண்ணுங்கள அப்படிப் பார்க்க வராது" என்றுதான் தொடங்குவார்கள். அந்தச் சொல்லிலேயே பதில் சொல்லுங்கள். வேறு பெயர் தேவைப்படும்போது அவர்களே கேட்பார்கள். ஒருவர் "திருநம்பி" என்ற சொல்லை முதல்தடவை கேட்டபோது அதைத் தன் கொப்பியில் நான்கு தரம் எழுதிப் பார்த்தார்.

7. வீட்டார்

"வீட்டில் சொல்லிவிடு, சுமை இறங்கும்" என்று யாருக்கும் அறிவுரை சொல்லாதீர்கள். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் சொன்ன பிறகு போய்ப் படுக்க வேறு இடம் கிடையாது. சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. சொல்ல நினைத்தால், முதலில் யாரிடம், எந்த நாளில், கோபம் வந்தால் அன்று இரவு எங்கே தங்குவது, கையில் எவ்வளவு காசு இருக்கிறது, அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது என்பதை எல்லாம் சேர்ந்து யோசியுங்கள்.

கல்யாணப் பேச்சுதான் எங்கள் அறையில் அதிகம் பேசப்படுவது. நேரடியாக மறுக்க முடியாதவர்களுக்குக் கால அவகாசம் வாங்கக் கற்றுக்கொடுக்கிறோம்: ஒரு படிப்பு, ஒரு கடன், தங்கச்சிக்கு முதலில். ஆனால் விருப்பமில்லாத கல்யாணத்தில் இன்னொரு உயிரும் மாட்டிக்கொள்கிறது என்பதையும் மறைக்காமல் பேசுகிறோம்.

ஒரு நாள் ஒரு அம்மா நேரே படியேறி வந்துவிட்டார். கொழுந்துக் கறை போகாத விரல்களால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எம்புள்ளைக்கு என்னா சீக்கு? கோயில்ல கயிறு கட்டியாச்சு, குறி கேட்டாச்சு, ஒண்ணும் சரியாகல்ல" என்றார். நான் முதலில் அவரை உட்கார வைத்தேன். "சீக்கு இல்ல அம்மா. உலக சுகாதார ஸ்தாபனமே 1990 இல இதை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு" என்றேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அப்புறம், "உங்க புள்ள சின்னதுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் அவரே, "அப்பயே அப்படித்தான் டீச்சர். நாந்தான் பார்க்காத மாதிரி இருந்தேன்" என்றார். தாய்மாரிடம் தகவலைச் சொல்லி நிறுத்தாதீர்கள், பிள்ளையைப் பற்றிப் பேசவிடுங்கள்.

8. கெட்ட இரவுகளுக்கு ஒரு ஏற்பாடு

அடித்துத் துரத்தினார்கள் என்று இரவு எட்டு மணிக்குப் போன் வரும். அப்போது யோசிக்கத் தொடங்கக்கூடாது. ஒரு இரவு தங்க இரண்டு வீடுகள், நம்பிக்கையான ஒரு ஆட்டோக்காரர், கொஞ்சம் காசு, ஒரு மாற்றுத் துணிப் பை, இவை எப்போதும் தயாராக இருக்கட்டும். சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை எடுத்தெறியாதீர்கள், உபதேசமும் செய்யாதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள், 1926 க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பெண்களுக்கு 1938 என்ற இலக்கமும் உண்டு.

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள்.

9. ஊரில் துணை சேர்ப்பது

ஒரு வருடம் ஓடிய பிறகே இதைத் தொடங்குங்கள். தோட்டத்து மிட்வைஃப் அம்மா, ஒரு ஆசிரியர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு பூசகரோ பாதிரியாரோ, ஒவ்வொருவராக. அறைக்கு யார் வருகிறார் என்று அவர்களுக்கும் சொல்லக்கூடாது.

பேச்சைத் தொடங்க நம்மிடமே வாசல்கள் இருக்கின்றன. மாசி மாதம் காமன் கூத்தில் ரதியாக ஆடுவது ஆண்தான். அவருக்குச் சேலை கட்டி, நகை பூட்டி, ரதி அழும்போது கூடவே அழுகிற ஊர் நம் ஊர். ரதி வேஷம் கட்டுபவர் எல்லாரும் பால்புதுமையினர் என்று இதற்கு அர்த்தமில்லை. சேலை கட்டிய ஒரு ஆணை மதிக்க நம் ஊருக்குத் தெரியும் என்பதை நினைவுபடுத்தத்தான் இதைச் சொல்கிறேன். சங்கத்துக்காரர்களிடம் 1948 ஐப் பற்றிப் பேசுவேன். ஒரு சட்டத்தை எழுதி மலையகத் தமிழரான நம் ஆட்களில் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையைப் பறித்த வருடம் அது. ஒரு தலைவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "கணக்குல சேர்க்காம விடுறது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா" என்றார். அடுத்த மாதம் தோட்டத்தில் ஒரு பிள்ளையைக் கேலி செய்த பையன்களை அவரே கூப்பிட்டுப் பேசினார்.

10. காசும் சாவியும்

பெரிய நிதி வந்தால் கூடவே படமும் அறிக்கையும் கேட்பார்கள். ஒரு நிறுவனம் எங்களிடம் "பயனாளிகளின்" பெயர்ப் பட்டியலைக் கேட்டது. காசு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வாடகை, மாவு, பஸ் காசு, இவற்றுக்கு ஒவ்வொருவரும் மாதம் கொஞ்சம் போடும் சீட்டு போதுமாக இருக்கிறது. சட்டம், மருத்துவம் மாதிரி நம்மால் முடியாத விஷயத்துக்கு, கொழும்பில் 2004 முதல் இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் போன்ற பால்புதுமையினர் உரிமை அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம்.

ஒரு ஆனி மாதம் எனக்குக் காய்ச்சல். அறையைத் திறக்க ஆள் இல்லை. பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒருவர் மழையில் நனைந்து வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறார். அவர் வீட்டில் எத்தனை நாள் கெஞ்சி வந்தாரோ. அதற்குப் பிறகு சாவியை மூன்று பேர் வைத்திருக்கிறோம். யாருடைய முறையோ அவர் ஞாயிறு பத்தரைக்கே வந்து, கேத்தலை வைத்து, மாவைப் பிசைந்து வைத்துவிட வேண்டும். தூரத்திலிருந்து வருபவர்கள் எப்போதும் முதல் பஸ்ஸில்தான் வருவார்கள்.